கியூபாக்காரியின் சொற்கள்

குளியல் மறைப்புக்குள்ளே என் புருஷன் கிரிசாந்தோ பேருந்தை "குவாகுவா" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.

ஆப்பிரிக்காவில் எங்கள் மலாபோவில் பிறந்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். அது கியூபாக்காரர்களின் சொல். அவர்கள் பேசுவதும் எங்களைப் போல ஸ்பானிய மொழிதான், ஆனால் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு மீதியை இழுத்துப் பாடுவார்கள்.

இரண்டு மாதமாக இவனும் விழுங்குகிறான். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பிரம்போடு சொல்லிக் கொடுத்த உச்சரிப்பெல்லாம் போயே போய்விட்டது.

யாருக்காக என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் யனேலிஸ் என்று ஒரு கியூபா டாக்டர் இருக்கிறாள். வயிற்று வலிக்குப் போனபோது பார்த்தேன். நாற்பது வயதுக்கு அநியாய இடுப்பு.

என் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஸ்கேன் படம் எடுக்கச் சொன்னாள். படம் வந்த அன்று இவனை மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் அரை மணி நேரம் பேசினாள். தோளில் கை வேறு.

வெறும் வாயுதான் என்று வந்து சொன்னான். வாயுவுக்கு எதற்கு அரை மணி நேரம்?

அன்றிலிருந்து வாரம் தவறாமல் டாக்சியை அந்தப் பக்கம் விடுகிறான். எங்கள் மரத்துப் பப்பாளி நான்கு அவளுக்குப் போய்விட்டது. அவள் ஊரில் பப்பாளி என்பது கெட்ட வார்த்தையாம், வெடிகுண்டுப் பழம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். இவன் தெரியாமல் சொல்லப்போய் அவள் வயிறு குலுங்கச் சிரித்தாளாம். அதையும் என்னிடமே வந்து சொல்கிறான், வெட்கம் கெட்டவன்.

"யாருக்காகய்யா இந்த நாக்குச் சுழட்டல்?" என்று கத்தினேன்.

"டாக்சில அவங்க ஆளுங்களும் ஏறுறாங்கடி பெர்பெத்துவா. பேச வேணாமா?"

அவன் சட்டை ஆணியில் தொங்கியது. பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எடுத்தேன்.

வலது பக்கம் அவள் சொல்லும் விதம், இடது பக்கம் நாங்கள் சொல்லும் விதம். பேருந்து இருந்தது. பப்பாளி இருந்தது. கண்ணே, மணியே எங்கே என்று பக்கத்தைப் புரட்டினேன்.

வீக்கம். கட்டி. பரவிவிட்டது.

அடுத்த பக்கத்தில் அவன் கேட்க வேண்டியவை. மெதுவாகச் சொல்லுங்கள் டாக்டர். அறுத்து எடுக்க முடியாதா? அவளுக்கு ரொம்ப வலிக்குமா?

கடைசிப் பக்கத்தில் வலப்புறம் ஒரே ஒரு வரி இருந்தது. ஆறு மாதம், அதிகம் போனால். இடப்புறம் அவன் எதுவும் எழுதவில்லை.

கடவுளே, இவனுக்கு அந்தக் கியூபாக்காரிமேல் ஆசையாகவே இருந்திருக்கக் கூடாதா?

தண்ணீர்ச் சத்தம் நின்றது. நோட்டைப் பையில் வைத்துவிட்டு ஓடிப்போய், பழுத்ததாக ஒரு பப்பாளியைப் பறித்தேன். ஈரத்தலையோடு வந்தவனின் கையில் அதைத் திணித்து, முடிந்த மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

"இந்தா, உன் சீமாட்டிக்குக் கொண்டுபோய்க் குடு. இந்தத் தடவையாவது பழத்தோட பேரைச் சரியாச் சொல்லு."