பதிலிக்கு ஆரத்தி

வேலைக்காக ஊர் ஊராய் அலைகிற ஊழியர்கள் ஆன்லைன் பி.பி.ஏ. வகுப்புக்குத் தங்கள் பதிலியை அனுப்பலாம் என்று கம்பெனி சொன்னபோது, குயிலி மட்டும் முடியாது என்றாள். மற்றவர்களின் முகமும் குரலும் கொண்ட கம்ப்யூட்டர் பதிலிகள் திரையில் உட்கார்ந்து படித்தன. அவள் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே தானே படித்தாள்.

கடைசி வாய்மொழித் தேர்வின்போது பஸ் விக்கிரவாண்டி மோட்டலில் நின்றிருந்தது. காதைக் கிழிக்கும் பாட்டுக்கு நடுவே, போனைப் பிடித்தபடி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள்.

"உங்க பதிலி ரொம்பத் திக்குதும்மா. ரிப்பேர் பாத்து அனுப்புங்க," என்றார் பேராசிரியர்.

"பதிலி இல்ல சார், நானேதான்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆளே வந்தா மார்க் போட இந்த சிஸ்டத்துல வழியே இல்லியேம்மா. பேசாம பதிலிய அனுப்பு. அஞ்சு நிமிஷத்துல பாஸ்."

"எங்க வீட்டுல மொதப் பட்டம் சார். அத ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தா, எங்கம்மா ஆரத்தியும் அதுக்குத்தான் எடுக்கணும். படிச்சது நான். என்னையே கேளுங்க."

கண்டக்டர் விசிலடித்தார். "ஏம்மா, வண்டி கெளம்புது! வர்றியா, இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

இந்த பஸ்ஸை விட்டால் மதுரை மீட்டிங் போச்சு. மேனேஜர் தோலை உரித்துவிடுவார்.

"என் பைய மட்டும் எறக்கி வெச்சிட்டுப் போங்கண்ணே."

பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதியில், அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்தாள். பேராசிரியர் இன்னும் திரையை அணைக்கவில்லை.

"மார்க் போடுற வழிய நீங்க தேடுங்க சார். இப்ப அடுத்த கேள்வியக் கேளுங்க."