ஐந்து எண்களுக்கு ஒரு பெயர்

"இசக்கின்னா என்னப்பா?"

செய்முறைத் தேர்வில் முதல் கம்ப்யூட்டரின் முன் குனிந்து நின்ற வெளித்தேர்வாளர் கேட்டதும், கடைசி வரிசையில் இருந்த அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அரேக்குப் பேரு சார். அது அப்படித்தான் வரும்" என்றான் அந்தப் பையன்.

அடுத்த கம்ப்யூட்டரிலும் இசக்கி. அதற்கடுத்ததிலும் இசக்கி.

ஐந்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான். எண்களை வரிசையாகப் போட்டு வைக்க அரே என்று ஒரு பட்டியல் வேண்டும், அந்த அரேக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டும். ஏ என்று வைக்கலாம். பி என்று வைக்கலாம். உலகமே அப்படித்தான் வைக்கிறது.

அவள் ரெக்கார்டு நோட்டில் இசக்கி என்று வைத்துத் தொலைத்திருந்தாள்.

வகுப்பின் முதல் மாணவி எழுதியதாயிற்றே! யாரோ படம் பிடித்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஓர் எழுத்தை மாற்றினாலும் புரோகிராம் ஓடாது என்ற பயத்தில், மொத்த வகுப்பும் பெயரோடு சேர்த்து மனப்பாடம் செய்தது.

அதே வகுப்பில் இருந்த இசக்கியும்தான்.

"எம்பேரு கம்ப்யூட்டர்லயே இருக்கா பிள்ள?" என்று அவளிடமே வந்து கேட்டான். ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள், பாவி.

இப்போது தன் திரையில் இருந்த அந்தப் பெயரை அவசரமாக அழிக்கப் போனாள்.

"எல்லாரும் கீபோர்டுல இருந்து கைய எடுங்க" என்றார் தேர்வாளர்.

எடுத்தாள்.

அவர் இசக்கியிடம் வந்தார்.

"உன் பேரு என்ன?"

"இசக்கிப்பாண்டி சார்."

தேர்வாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதுகில் ஓங்கித் தட்டினார். "எழுதுனவன் நீதானா! உனக்கு முழு மார்க். உன்னைப் பார்த்து அடிச்ச மத்த எல்லாருக்கும் முட்டை."

இரண்டு வருடமாக எந்தத் தேர்விலும் கரையேறாத இசக்கி திருதிருவென்று விழித்தான்.

முட்டை. அதுவும் அவளுக்கு.

வாயைத் திறக்காவிட்டால் மார்க் போகும். திறந்தால் மானம் கப்பலேறும்.

ஆனால் ஒவ்வொரு வரியும் அவள் யோசித்து எழுதியது. அதற்கு இன்னொருவன் மார்க் வாங்கிக்கொண்டு போவதா? அவனாகவே இருந்தாலும்?

ஆத்திரமாக வந்தது.

"சார், அது நான் எழுதுனது."

"அப்புறம் இவன் பேரு எதுக்கும்மா?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அஞ்சு நம்பரையும் போட்டு வைக்க ஒரு பேரு வேணும்லா சார். எனக்கு அதுதான் வந்துச்சு."

லேப் அதிர்ந்தது. எவனோ மேசையில் தாளம் போட்டான். எவளோ விசிலே அடித்துவிட்டாள்.

இசக்கி எழுந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அவ சொல்லுதது நெசந்தான் சார். அதுல பேரு மட்டுந்தான் என்னுது."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா, தெரியவில்லை.

"ரெண்டு பேரும் புதுசா எழுதுங்க. இந்தத் தடவை சின்ன எண்ணைக் கண்டுபிடிக்கணும். அரேக்கு வேற பேரு வைங்க."

அவள் நல்ல பிள்ளையாக ஏ என்று வைத்தாள். மளமளவென்று முடித்தாள். புரோகிராம் ஒரு தவறும் இல்லாமல் ஓடியது. முழு மார்க்.

அதில் அவளுக்கு ஏனோ சந்தோஷமே வரவில்லை.

இசக்கியின் பின்னால் போய் நின்ற தேர்வாளர் குனிந்து பார்த்தார். திரையில் ஒரே ஒரு வரி.

"என்னப்பா, அரேக்குப் பேரு வச்சதோட நிறுத்திட்ட?"

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது சார்."

அவர் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்தார்.

"யாரும்மா இங்க முப்பிடாதி?"

மொத்த வகுப்பும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

அவள் எழுந்து நின்றாள்.