கூடவே வந்த கொக்கு

மனைவியின் போனில் இருந்த நாற்பத்தோரு படங்களையும் பெயின்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாமே தெருச் சுவர்களில் யாரோ வரைந்த ஒற்றைக்கால் நீலக் கொக்கு. சொந்தத் தெருவிலும் இருந்தது, அவர்கள் சுற்றிப் பார்க்கப் போன ஐந்து ஊர்களிலும் இருந்தது. மனுஷனுக்கு வயிறு எரிந்தது.

"நாம போற ஊருக்கெல்லாம் இவனும் வர்றானே, யாருடி இவன்?"

"எனக்கென்ன தெரியும்? அழகா இருந்துச்சு, எடுத்தேன்."

"முப்பது வருஷமா நானும் சுவத்துலதான் பெயின்ட் அடிக்கிறேன். ஒரு படம் எடுத்திருப்பியா?"

"வெறும் சுவத்தை எடுத்து என்னங்க பண்றது?"

பழைய பெயின்ட் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு விருட்டென்று தெருமுனைக்குப் போனார். கொக்கின் கழுத்தில் தகட்டை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நீலம் எந்தக் கடையிலும் கிடைக்காது. சமையலறைக் கதவுக்காக அவரே மூன்று கலர் சேர்த்துக் கலக்கியது. மிச்சம் வீட்டுப் பரணில் இருக்கிறது. வெளியூர் போனால் மத்தியானம் அவர் தூங்குவார். அவள் மட்டும் கனத்த கைப்பையோடு படமெடுக்கக் கிளம்புவாள்.

வீட்டுக்குத் திரும்பினார்.

"சுரண்டிட்டீங்களா?" அவள் வாசலுக்கே வந்து கேட்டாள்.

"இல்ல. அவன்கிட்ட சொல்லி வை, டப்பாவை இறுக்கி மூடலேன்னா பெயின்ட் காஞ்சிடும்னு."