சீதை விளக்கு

புதுச்சேரி நகரத்திலேயே யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத ஒரே நாக்கு என்னுடையதுதான் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். முதலியார்பேட்டை வீட்டின் மாடி அறையில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. மேசைமேல் மாலா அக்கா செய்த விளக்குக்கூடு எரிகிறது. தோல்பாவைக்கூத்துப் பொம்மைக்குச் செய்வதுபோல ஆட்டுத்தோலை வெளிச்சம் ஊடுருவும்படி சுரண்டி, சாயத்தால் சீதையைத் தீட்டி, பொடிப்பொடி ஓட்டைகளாலேயே அவளுக்கு நகை போட்டிருக்கிறாள். சுவரெல்லாம் சிவப்பும் பச்சையும். அக்காவுக்கு வந்த முதல் ஆர்டர் இது. எலிஸபெத் மதாம் இன்னும் சற்று நேரத்தில் வந்து வாங்கிக்கொண்டு, ராத்திரியே பாரீசுக்குப் பிளேன் ஏறுகிறார். அக்கா அடுத்த தோலை விரிக்கிறாள். உளி வைக்குமுன் அதைத் தொட்டு, "மன்னிச்சுடு தாயே" என்கிறாள். "நேத்து பிரியாணி துன்னும்போது இந்த மரியாதைலாம் எங்கக்கா போச்சு? இது வெறும் தோலு" என்று சொல்லி, அதை நிரூபிக்க விளக்கிலிருக்கும் சீதையை விரலால் ஓங்கிச் சுண்டுகிறேன். ஓட்டைக்கு ஓட்டை தாவி, கழுத்திலிருந்து பாதம்வரை கிழிகிறது. அந்தக் கிழிசல் வழியாகப் பல்பின் வெள்ளை வெளிச்சம் அக்காவின் முகத்தில் ஒரு கோடாக விழுகிறது. திட்டினால் தேவலை. ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறாள். "மதாம், வராதீங்க... கிழிஞ்சிடுச்சி. இல்ல மதாம், யாரும் இல்ல, என் தப்புதான்." அறையில் வேறு யாரும் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கிழிந்த தோலின் இரண்டு ஓரங்களையும் விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில், "மன்னிச்சுடு தாயே" என்கிறேன்.