குச்சியில் சாப்பிட்ட தூதர்

"குச்சியில சாப்பிட எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

தூதர் துகூரேயின் கை அந்தரத்தில் நின்றது. இரண்டு குச்சிகளுக்கு நடுவே நழுவாமல் ஓர் இறைச்சிக் கொழுக்கட்டை. ஆறு மாதத்துக்கு முன் லியாவின் இதே நியூயார்க் வீட்டில் முள்கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்.

"இங்கதான்... ஹோட்டல்ல பழகினேன்."

"இவ்வளவு சுத்தமாவா? என் பையனுக்கே இப்படி வராது!"

லியாவ் சிரித்தார். பார்வை மட்டும் விருந்தாளியின் கையை விட்டு நகரவில்லை.

அது 1971. லியாவ், தைவானை ஆளும் தைப்பே அரசின் ஐ.நா. குழுவில் முக்கிய அதிகாரி. சீனாவுக்கு ஐ.நா.வில் இருப்பது ஒரே இடம். அது தைப்பேக்கா, கம்யூனிஸ்ட் அரசு இருக்கும் பீக்கிங்குக்கா என்று அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. துகூரேயின் சின்ன ஆப்பிரிக்க நாடு பீக்கிங் பக்கம் ரகசியமாகச் சாய்ந்தாகிவிட்டது. ஊரில் நெல் அறுவடை முடியும்வரை அது கசியக் கூடாது. கசிந்ததோ, போச்சு! வயலைப் பார்த்துக்கொள்ளும் தைப்பே நிபுணர்கள் பம்புசெட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

"கோடையில ஆளையே காணோமே?"

"பாரிஸ்ல இருந்தேன். பல் வைத்தியம்."

"அடேயப்பா! ரெண்டு மாசமா பல்லு புடுங்கினாங்க? எல்லாம் அப்படியே இருக்கே!"

துகூரேக்குத் தேள் கொட்டிய திருடனின் கதி. பேசினால் வம்பு, பேசாவிட்டால் சந்தேகம்.

லியாவின் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். லியாவ் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மறைக்காதீங்க. பீக்கிங் போயிருக்கீங்க. அவங்க விருந்துலதான் இதைப் பழகியிருக்கீங்க. ஆமாவா, இல்லையா?"

 இருபது வருஷ ராஜதந்திரம் ஒரு கொழுக்கட்டையில் கவிழ்ந்துவிட்டதே என்று துகூரேக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஆமா, போனேன்," என்றார். "கோபம்னா என்னைத் திட்டுங்க. எங்க விவசாயிங்க வயித்துல மட்டும் அடிச்சிடாதீங்க, லியாவ்."

லியாவ் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு துகூரேயின் காதருகே குனிந்தார்.

"அப்பாடா! மூணு மாசமா அங்க போய்ட்டு வந்த ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நான் பீக்கிங் பக்கம் போயிட்டா என்னைச் சேத்துக்குவாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"