பாசித் திருடன்

“பையை எறக்கி வைங்க நானா.”

பண்டாரவளை ஹோட்டலின் பின்பக்கக் கேட்டில் நஸீரை மறித்து நின்றான் காவலாளி கந்தப்பன்.

“ஒண்ணுமில்ல கந்தப்பன். குப்பைதான்.”

“குப்பைய யாராச்சும் தோள்ல சுமந்து கொண்டு போவாங்களா?”

உரப்பையைக் கவிழ்த்தான். வழவழவென்று பழுப்புப் பாசி பிடித்த பிளாஸ்டிக் வளையங்கள் கொட்டின. ஹோட்டலின் கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடப்பவை. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் நஸீரின் வேலை.

நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனாலும் கந்தப்பன் விடவில்லை. நேர்மை விஷயத்தில் அவன் கொஞ்சம் கூடுதல்தான். ஹோட்டல் சமையலறையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்ததற்காகச் ஊரைக் கூட்டிச் சொந்தத் தம்பியின் மானத்தையே வாங்கியவன்.

மெனேஜர் முன்ஸிப் வந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“தெரிஞ்சுதான் எடுத்தீங்களா நானா?”

நஸீர் தலை குனிந்தார்.

“வெறும் பாசிதானே சேர்?” கந்தப்பனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என்னது, வெறும் பாசியா? அழுக்கத் தின்னுற கிருமியெல்லாம் இதுலதான் குடியிருக்கு. இது இல்லாட்டி நம்ம கழிவுத் தண்ணி அப்படியே ஆத்துக்குப் போகும். புது வளையத்துல இப்படிப் பிடிக்க எவ்வளவு காலம் வேணும்! இதுல கொஞ்சம் கொண்டு போய்ப் போட்டா, அடுத்தவன்ட தொட்டி சீக்கிரமா உசிர் பிடிச்சிரும். சொல்லுங்க நானா, எந்த ஹோட்டலுக்கு வித்தீங்க?”

“விக்கல்ல சேர். கேக்காம எடுத்தது பிழைதான்.”

“அப்ப யாருக்கு?”

நஸீர் சொல்ல வாயெடுத்தார். கந்தப்பன் பக்கம் பார்வை போனது. குனிந்து வளையங்களைத் திரும்பப் பைக்குள் அள்ளத் தொடங்கினார்.

“பேரச் சொன்னா வல்லாஹி, அல்லா மேல சத்தியமா மன்னிச்சு விட்டுர்றேன். சொல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வர வேணாம்.”

“பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்ன நானா வீம்பு?” என்றான் கந்தப்பன். “களவாணிப் பயலுக்காக நீங்க ஏன் வேலைய விடணும்? சொல்லித் தொலைங்க!”

நஸீர் சொல்லவில்லை. தொட்டியறைச் சாவியை மெனேஜர் கையில் கொடுத்தார். போகும்போது கந்தப்பனின் தோளைத் தொட்டார்.

“ஒங்கட வேலையத்தான் செஞ்சீங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

கந்தப்பனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பூனாகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இரக்கம் குறைந்து பெருமை கூடியது. கிளம்பும்போது மெனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தது அவ்வளவு சுகமாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தான்.

“கலா, இன்னைக்கு ஒருத்தரக் கையும் களவுமாப் புடிச்சேன். யாரு தெரியுமா? நம்ம நஸீர் நானா! பாசியப் போயி திருடியிருக்காரு. வேலை போச்சு.”

மனைவி கலாராணியின் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிக் கீழே கொட்டியது.

“பேரக் கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. எந்தத் திருட்டுக் கழுதைக்குக் கொண்டு போனாரோ!”

“எனக்குத்தாங்க.”

கந்தப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டத்தின் மேட்டு பங்களாவைச் சுற்றுலா விடுதி ஆக்கியதிலிருந்து அங்கே துப்புரவு வேலை கலாராணிக்கு.

“மொதலாளி வாறாருன்னு சொன்னாங்க. தோட்டத்துத் தொரை வந்தா தேச்சுக் கழுவி சுண்ணாம்பு அடிச்சே பழகினவங்க தானே நாம? விடுதிக் கழிவுத் தொட்டி மூடியத் தொறந்து பார்த்தேன். வளையமெல்லாம் ஒரே பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளை வெளேர்னு கழுவிட்டேன். வந்தவரு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்குப் பொறகு தண்ணி நாற ஆரம்பிச்சிருச்சு. அந்தத் தண்ணி போற ஓடையிலதாங்க நம்ம லயத்துப் புள்ளைங்க குளிக்குதுங்க.”

கலாராணி அழுதாள்.

“தொட்டி வேலை தெரிஞ்சவராச்சேன்னு நஸீர் நானாகிட்ட ஓடினேன். ‘அழாதீங்க தங்கச்சி, நான் கொண்டு வந்து போட்டுத் தாறேன்’னாரு. எம்பேர யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.”

கந்தப்பன் போனை எடுத்தான். மெனேஜரிடம் சொல்ல வேண்டும். நானாவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“புருசன்னு நான் ஒருத்தன் இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கலா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தப்பு செஞ்சவங்க ஒங்ககிட்ட வந்து சொல்ல முடியுமாங்க?”