சின்னக்கண்ணுவின் வண்டி

"கயித்தைக் குடுக்க மாட்டேனுங்க. அண்ணனுக்கு இன்னும் சரியாகலீங்க," என்று மாடுகளுக்கு முன்னால் நின்றான் குப்புசாமி.

"இத்தனை நாள் ஓட்டுனதுல வண்டி தனக்கே சொந்தம்னு நெனச்சுட்டான்," என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மலைக்கு ரோடு இல்லாத வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலை மிளகும் பலாவும் தலைச்சுமையாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து சேந்தமங்கலம் சந்தைக்குச் சுமையும் ஆட்களும் போவது சின்னக்கண்ணுவின் வண்டியில்தான். அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு தம்பி குப்புசாமி ஓட்டினான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் கயிற்றைத் திரும்பக் கேட்டார் சின்னக்கண்ணு.

ஊர்க்கவுண்டர் முடிவாகச் சொன்னார். "கோயில் வரைக்கும் சின்னக்கண்ணு ஓட்டிக் காட்டட்டும். ஓட்டிட்டா நாளைக்குச் சந்தைக்கு அவரே போகட்டும்."

அன்று காலை சின்னக்கண்ணு தட்டின் இடது பாதியில் களி அப்படியே கிடந்தது. கேட்டதற்கு, "எல்லாந்தான் தின்னுட்டேனே," என்றார். பயத்தில் பசி எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மனைவி ராமாயி.

இடது கை மடியில் துணிபோலக் கிடக்க, வலது கையால் கயிற்றைப் பிடித்தார். குப்புசாமி வழிவிட்டான். மாடுகள் நகர்ந்தன.

பாதையின் இரு பக்கமும் ஊரே நின்று பார்த்தது.

"பாய், சௌக்கியமா?" என்று வலது பக்கம் நின்ற மிளகு வியாபாரி பக்ருதீனைக் கேட்டார் சின்னக்கண்ணு. பக்ருதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னக்கண்ணுவுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வண்டி கோயில் முன்னால் பிசகாமல் நின்றது.

"பழைய கை அப்படியே இருக்குதுங்க," என்றார் கவுண்டர். குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

பேத்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராமாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாய்கிட்ட எல்லாம் பேசுனீங்க. எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்களே. இவ வண்டிச் சக்கரத்துக்கிட்ட ஓடுனா. நாந்தான் புடிச்சு இழுத்தேன்."

"எங்க நின்ன?"

"உங்க இடது கைப் பக்கம், புளியமரத்தடியில. பாதி ஊரு அங்கதானுங்க நின்னுச்சு."

சின்னக்கண்ணு பேத்தியைப் பார்த்தார். அவள் முழங்காலில் புழுதி ஒட்டியிருந்தது. கயிற்றைத் தம்பியிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு சாமி. அந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு நெனச்சேன்."